ஒரு லட்சத்துக்கு ஒரு லேப்டாப்பா, இரண்டா?

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். மகள் பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டலில் தங்குகிறாள். மண்டிக் கணக்குக்கு 2017ல் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஐ3, 4 ஜிபி, விண்டோஸ் 10, அதில் டாலி. "இதில் விண்டோஸ் 11 ஏறாது, தூக்கிப் போடுங்கள்" என்கிறார் கடைக்காரர். 38,000 ரூபாய்க்குப் புதிய விண்டோஸ் லேப்டாப் ஒன்றைக் காட்டுகிறார். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் என் தங்கை மகன், "மேக்புக் வாங்குங்க மாமா, எட்டு வருஷத்துக்குப் பேச்சே இல்ல" என்கிறான். அது ஒரு லட்சத்தைத் தொடுகிறது. பக்கத்து வீட்டில் 25,000க்குக் குரோம்புக் வாங்கியிருக்கிறார்கள். ஒரு தடவை செலவு செய்தால் மகள் படித்து முடித்து, அப்புறம் ஒன்பதாவது படிக்கும் மகனும் பயன்படுத்த வேண்டும். லீவில் மகள் வீட்டுக்கு வரும்போது மண்டிக் கணக்கையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எது நீடித்து உழைக்கும், தம்பி?

பதில்:

வணக்கம் அண்ணா. உங்களுக்கு மூன்று பக்கமிருந்து யோசனை வந்திருக்கிறது. மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பாப்பாவின் பாடத்துக்கு என்ன மென்பொருள் வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கிருஷ்ணகிரியில் பதினாறு வருடமாக லேப்டாப் சர்வீஸ் செய்கிறேன். விற்கிறவர் பார்ப்பது பெட்டி பிரிக்கிற நாளை. என் மேசைக்கு அதே லேப்டாப் மூன்றாவது வருடத்தில், ஐந்தாவது வருடத்தில், மூடி உடைந்தோ டீ கொட்டியோ வரும். அதனால் என் பேச்சில் கொஞ்சம் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இசிஇ முதல் வருடத்துக்கு எந்த லேப்டாப்பும் போதும். சி, பைதான், கொஞ்சம் வேர்டு, கொஞ்சம் பவர்பாயின்ட், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் கதை மாறும். மைக்ரோகன்ட்ரோலர் பாடம் வரும்போது கெய்ல் மைக்ரோவிஷன் என்று ஒன்றைப் போடச் சொல்வார்கள். சர்க்யூட்டை வரைந்து ஓட்டிப் பார்க்க புரோட்டியஸ், மல்டிசிம் மாதிரி ஏதாவது வேண்டும். இவையெல்லாம் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. எஃப்பிஜிஏ (நாமே சர்க்யூட்டை எழுதி ஏற்றுகிற சிப்) பக்கம் போனால் விவாடோ. அது விண்டோஸிலும், லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்திலும் ஓடும், மேக்குக்குக் கிடையாது. மேட்லாப் மட்டும் மூன்றிலும் ஓடும். கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் கொஞ்சம் மாறலாம். பாப்பாவை மூன்றாம் வருட அக்கா யாரிடமாவது, "லேபில் என்னென்ன போடச் சொல்கிறார்கள்" என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. எந்தக் கடைக்குப் போவதாக இருந்தாலும் அந்தத் தாளோடு போங்கள்.

மேக்கிற்குள்ளேயே ஒரு விண்டோஸை ஓட்டிக்கொள்ளலாமே என்று உங்கள் தங்கை மகன் சொல்வார். ஓட்டலாம். ஆனால் இப்போதைய மேக்கில் இருப்பது ஆப்பிளின் சொந்தச் சிப். அது இன்டெல், ஏஎம்டி சிப்களிலிருந்து வேறான ஆர்ம் வகை. அதற்குள் ஓடுவதும் ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ்தான். மென்பொருள் திறந்துவிடும். யுஎஸ்பியில் செருகிய லேப் போர்டைத்தான் சில சமயம் கண்டுகொள்ளாது, அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள் ஆர்முக்கு எழுதப்பட்டிருக்காது. ஐடி கம்பெனிக்காரர் அதைச் சமாளித்துவிடுவார். நாளைக்கு லேப் எக்ஸாம் என்கிற ராத்திரியில், ஹாஸ்டல் அறையில், நம் பாப்பா ஏன் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்? உங்கள் டாலியும் விண்டோஸ் வீட்டுப் பிள்ளைதான். மேக்கில் நேராக ஏறாது.

இதே தொல்லை விண்டோஸ் லேப்டாப்பிலும் ஒரு வகையில் உண்டு. ஸ்நாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்கள் 2024லிருந்து கடைகளில் நிறைய வருகின்றன. பேட்டரி நன்றாக நிற்கும், மெலிதாக இருக்கும், பார்க்கவும் அழகு. அவையும் ஆர்ம் வகைதான். பாப்பாவுக்கு அது வேண்டாம். இன்டெல் அல்லது ஏஎம்டி ரைசன் என்று கேட்டு வாங்குங்கள்.

விண்டோஸுக்குப் பதில் கூகுளின் இயங்குதளத்தில் ஓடுகிற குரோம்புக்கைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. கெய்லும் ஏறாது, டாலியும் ஏறாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அது சரியாகவே இருக்கலாம், உங்களுக்கு ஆகாது. பத்து வருடம் அப்டேட் தருவதாக கூகுள் 2023ல் அறிவித்தது உண்மை. ஆனால் அந்தப் பத்து வருடத்தை எண்ணுவது நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து இல்லை. அந்த மாடலின் அடிப்படை வன்பொருள் சந்தைக்கு வந்த தேதியிலிருந்து எண்ணுவார்கள். தள்ளுபடியில் கிடைக்கிற பழைய மாடலில் பாதி ஆயுள் கடை அலமாரியிலேயே கரைந்திருக்கும்.

சரி, நீடித்து உழைப்பதற்கு வருவோம். ஒரு லேப்டாப்புக்கு ஆயுள் இரண்டு. இரும்பும் பிளாஸ்டிக்கும் எத்தனை நாள் தாங்கும் என்பது ஒன்று. பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதி வரை வரும் என்பது இன்னொன்று. அப்டேட் நின்ற மறுநாள் லேப்டாப் நின்றுவிடாது, வழக்கம்போல ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிற ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது. படம் பார்க்கிற மிஷினில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கும் ஜிஎஸ்டியும் திறக்கிற மிஷினில் முடியாது.

உங்கள் பழைய லேப்டாப்புக்கு நடந்தது இதுதான். ஐ3 என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். 2017 என்றால் பெரும்பாலும் ஆறாவது அல்லது ஏழாவது தலைமுறையாக இருக்கும். விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் என்றால் எட்டாவது தலைமுறையும் அதற்கு மேலும், கூடவே டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ம் தேதியோடு ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனாளர்களுக்கு ஒரு வருட நீட்டிப்பு கொடுத்தார்கள், அதுவும் 2026 அக்டோபர் வரைதான். கீபோர்டு நன்றாக இருக்கிறது, திரை நன்றாக இருக்கிறது, தேதிதான் முடிந்துவிட்டது. யூடியூப் பார்த்துத் தடையைத் தாண்டி விண்டோஸ் 11 ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஏற்றிய மிஷினுக்குத் தொடர்ந்து அப்டேட் தருவோம் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குக் கொடுக்கவில்லை. கணக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் அந்த வித்தை வேண்டாம்.

மேக் பக்கம் இந்த வேதனை இல்லை என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் இன்டெல் சிப்போடு ஒரு மேக்புக் ஏர் வந்தது. அதே வருடம் நவம்பரில், அதே பெயரில், கிட்டத்தட்ட அதே உருவத்தில், ஆப்பிளின் எம்1 சிப்போடு இன்னொன்று வந்தது. மார்ச்சில் வந்ததற்கு 2024ல் வெளியான செக்கோயாதான் மேக் இயங்குதளத்தின் கடைசிப் பதிப்பு. நவம்பரில் வந்ததில் 2025ன் டஹோவும் ஓடுகிறது. எட்டு மாத வித்தியாசம்தான். எட்டு வருஷத்துக்குப் பேச்சே இல்லை என்று மார்ச்சில் வாங்கிய ஒருவர் என் கடையில் உட்கார்ந்து இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. இன்றைக்கு வாங்குகிற மேக்குக்கும் அப்படி ஆகும் என்று பயமுறுத்தவில்லை. இன்டெல்லை விட்டுச் சொந்தச் சிப்புக்கு மாறியபோது நடந்தது அது, தினம் நடக்கிற விஷயமில்லை.

இப்போது பணக் கணக்கு. எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் வந்தபோது இந்திய விலை 99,900 ரூபாய். எட்டு வருடம் ஓடினால் வருடத்துக்கு 12,500க்குச் சற்றுக் குறைவு. கடைக்காரர் காட்டிய 38,000 ரூபாய் லேப்டாப், என் அனுபவத்தில், ஹாஸ்டல் வாழ்க்கையில் நான்கு வருடம் தாக்குப்பிடித்தால் பெரிது. வருடத்துக்கு 9,500. நல்ல உடம்பும் 16 ஜிபி ராமும் உள்ள விண்டோஸ் லேப்டாப் 62,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பேட்டரி மாற்ற 5,000. ஏழு வருடத்துக்கு 67,000, வருடத்துக்கு 9,600க்கும் கீழே. மலிவான லேப்டாப்புக்கும் இதற்கும் வருடக் கணக்கில் நூறு ரூபாய்கூட வித்தியாசம் இல்லை, பார்த்தீர்களா? மேக்கும் ஒன்றும் அநியாய விலை இல்லை. பழசாக விற்றாலும் அதற்கு விலை நிற்கும் என்று உங்கள் தங்கை மகன் சொன்னால் ஒப்புக்கொள்வேன். கணக்கில் மேக் தோற்கவில்லை, பாப்பாவின் பாடத்தில்தான் தோற்கிறது.

ரிப்பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேக்புக் ஏரில் ராமும் ஸ்டோரேஜும் போர்டோடு ஒட்டியவை. டீ கொட்டிய ஒரு மேக்கை என் வாடிக்கையாளர் ஒருவர் பெங்களூருக்கு எடுத்துப் போனார். போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லி அங்கே கேட்ட தொகையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வந்துவிடும். உள்ளே இருந்த போட்டோக்களும் போயின. ஐபோன் பாகங்களை நம் ஓசூர் பக்கத்திலேயே செய்கிறார்கள், ஆனால் மேக்குக்கு ஒன்று என்றால் என்னிடம் வருகிறவர்கள் 90 கிலோமீட்டர் பஸ் ஏறித்தான் போகிறார்கள்.

38,000 ரூபாய் லேப்டாப்பை நான் ஏன் தள்ளுகிறேன் என்று விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். என் மேசையில் லேப்டாப் சாகிற காரணங்களில் சாஃப்ட்வேருக்குப் பின்வரிசைதான். முன்வரிசையில் ஹிஞ்ச், அதாவது மூடியின் கீல். விலை குறைந்த மாடல்களில் அந்த இரும்புக் கீலை பிளாஸ்டிக் உடம்பில் பதித்த சின்னச் சின்னப் பித்தளை மரைகளில் திருகியிருப்பார்கள். வருடம் போகப் போகக் கீல் இறுகும். மூடியைத் திறக்கிற விசையெல்லாம் பிளாஸ்டிக்கில் போய் விழும். ஒரு நாள் மரை பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும், அப்படியே திரைக்குப் போகும் கேபிளையும் கடித்துவிடும். பசை வைத்து ஒட்டித் தரச் சொல்வார்கள். ஒட்டித் தருவேன். ஆறு மாதத்தில் திரும்ப வருவார்கள். கடையில் ஒரு சோதனை செய்யுங்கள்: மூடியை ஒரே ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பாருங்கள். உடம்பு முறுக்கிக்கொண்டு முனகினால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி, "ராம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா?" மலிவு மாடல்கள் பலவற்றில் 8 ஜிபியைப் போர்டிலேயே ஒட்டி, கூட்ட வழியில்லாமல் அடைத்துவிடுகிறார்கள். விவாடோ மாதிரி ஒன்றையும் பத்து பிரவுசர் டேபையும் திறந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கும். முன்பெல்லாம், இப்போதைக்கு 8 வாங்குங்கள், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். தொடக்கத்திலேயே 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி. ஐ5 அல்லது ரைசன் 5 போதும், ஐ7 என்று ஆசை காட்டினால் மயங்காதீர்கள். டைப்-சி கேபிளில் சார்ஜ் ஏறினால் நல்லது, ஹாஸ்டலில் அடாப்டர் தொலைந்தால் தோழியிடம் கடன் வாங்கலாம். வாரன்டிக்கு வீட்டுக்கே ஆள் வருவார்கள் என்றால், உங்கள் பின்கோடுக்கு வருவார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலையைக் குறைக்க விண்டோஸ் இல்லாத லேப்டாப்பைக் கொடுத்து, "நாங்களே போட்டுத் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அது கள்ள விண்டோஸாக இருக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். மண்டிக் கணக்கைப் பாப்பாவின் லேப்டாப்பில் வைக்காதீர்கள். சீசனில் ஏப்ரலிலிருந்து ஜூலை வரை உங்களுக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் டாலி வேண்டும். லேப்டாப் பர்கூர் ஹாஸ்டலில் இருக்கும். இங்கே வந்தாலும், மண்டியில் லேப்டாப் என்ன பாடு படும் என்பது எனக்குத் தெரியும். பெங்களூரா மாங்காய் பிசுக்கு பட்ட கை கீபோர்டில் படும், அந்த இனிப்புக்கு எறும்பு வரும். ஒரு ஜூன் மாதம் ஒரு மண்டி லேப்டாப்பைப் பிரித்தபோது ஃபேனுக்கு அடியில் முட்டையோடு குடும்பமே இருந்தது. கிரானைட் பாலிஷ் பட்டறைப் பக்கமிருந்து வருகிற லேப்டாப்களில் ஃபேன் முழுக்க வெள்ளைத் தூள் களிம்பு மாதிரி அப்பியிருக்கும். (இந்த ஒரு விஷயத்தில் மேக்புக் ஏருக்கு முழு மார்க் போடுவேன், அதில் ஃபேனே கிடையாது.)

மண்டிக்கு ரீஃபர்பிஷ்டு, அதாவது சரிபார்த்துத் திரும்ப விற்கிற பழைய லேப்டாப் ஒன்று போதும். பெங்களூர் கம்பெனிகள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழிக்கிற பிசினஸ் மாடல்கள் அங்குள்ள எஸ்பி ரோடு எலக்ட்ரானிக்ஸ் சந்தை வழியாக நம் ஊருக்கும் வருகின்றன. உடம்பு கெட்டி, கீல் கெட்டி, பாகங்கள் கிடைக்கும். 20,000லிருந்து 25,000க்குள் நல்லதே அமையும். வாங்கும்போது எட்டாவது தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள், இறங்கினால் இப்போதைய லேப்டாப்பின் தலைவிதியே திரும்ப வரும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கிற அமைப்புத் திரை) பழைய கம்பெனியின் பாஸ்வேர்டு மிச்சமிருக்கிறதா என்று கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள், அதைப் புதிதாக மாற்றித் தரச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

டாலி லைசென்ஸைப் பழைய லேப்டாப்பில் சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டேட்டாவை பென்டிரைவில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என இரண்டு பேக்கப் எடுங்கள். இதைச் செய்யாமல் பழையதை ஃபார்மட் அடித்துவிட்டு, "தம்பி, போன வருஷக் கணக்கு எங்கே" என்று என்னிடம் ஓடி வந்தவர்களைக் கை விட்டு எண்ண முடியாது.

கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்ன அந்தப் பழைய லேப்டாப்பைப் பாப்பாவின் தம்பிக்குக் கொடுங்கள். உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் இருந்தால் கழற்றிவிட்டுச் சின்ன எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், மூவாயிரம் ரூபாய் வரலாம். அதில் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினால் 4 ஜிபியிலும் ஓடும். காசு கிடையாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, அதற்குள் பையன் பிளஸ் டூவை நெருங்கியிருப்பான். பாடம் பார்க்க, தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழக, பைதான் எழுத அது தாராளம். லினக்ஸ் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 2011ல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் என்கிற லினக்ஸும் இருந்தது. "அந்த இன்னொன்றை அழித்துக் கொடுங்கண்ணா" என்று பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். நானும் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அழித்துக் கொடுத்திருக்கிறேன். இப்போது நினைத்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஆக, பாப்பாவுக்கு 62,000, மண்டிக்கு 22,000, தம்பியின் லேப்டாப்புக்கு 3,000. மொத்தம் 87,000. தங்கை மகன் சொன்ன ஒரு மேக்கின் விலைக்குள் மூன்று பேருக்கும் ஆளுக்கொன்று ஆகிவிடுகிறது. அவர் மேல் வருத்தப்படாதீர்கள், பாப்பா டிசைன் படித்திருந்தால், அல்லது அவரைப் போல வெறும் கோடிங் வேலைக்கென்றால், நானும் மேக்கைத்தான் சொல்லியிருப்பேன். நாலு வருடம் கழித்து அவளே சம்பாதித்து வாங்கட்டும்.

எஸ்எஸ்டி மாற்ற என்னிடமே வர வேண்டும் என்றில்லை, காவேரிப்பட்டினத்திலேயே செய்யலாம். எங்கே கொண்டு போனாலும் அடாப்டரை மறக்காமல் எடுத்துப் போங்கள். பாதிப் பேர் அதை மறந்துவிட்டு இரண்டாம் தடவை பஸ் ஏறுகிறார்கள்.